மருந்துக் கடைக்குப் போகிறதுக்கு முன்னால தோட்டத்துக்குள்ள போங்க!

(அமராவதி நகர் விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



அணைத் தண்ணிக்கும் தேங்காய் விலைக்கும் போராடுற கூட்டத்துல பூச்சியைப் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. நம்ம கடன்ல பூச்சிமருந்துக் கடன் எவ்வளவுன்னு கணக்குப் பாருங்க, அப்பப் புரியும்.

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில வெள்ளையா மாவு பூத்த மாதிரி ஒரு பூச்சி வந்தது ஞாபகம் இருக்குதுங்களா? பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. அங்கே அதை அடக்குற குளவி இங்கே இல்லை. அதனால மல்பெரி, மரவள்ளி, கொய்யா, வேலியோரப் பார்த்தீனியம் வரைக்கும் ஏறிடுச்சு.

நானும் மருந்தடிச்சேன். கடைக்காரர் ஒண்ணு கொடுத்தார். அது கேக்கலைன்னதும் ரெண்டைக் கலந்து அடிக்கச் சொன்னார். கடன்தான் ஏறுச்சு, பூச்சி இறங்கலை. காரணம் என்ன? அதன் உடம்பு மேல மெழுகுப் பூச்சு. மருந்து உள்ளே சரியா இறங்காது. ஆனா அதைத் தின்ன வந்த பொறிவண்டும் சிலந்தியும் செத்துப்போச்சு. எதிரிக்குப் போட்ட குண்டு நம்ம ஆளுங்க மேலயே விழுந்தது!

அப்புறம் எப்படி அடங்குச்சு? 2010-ல் மத்திய அரசின் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவில இருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைச்சது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கித் தோட்டங்கள்ல விட்டது. அதுல நல்லா வேலை செஞ்சது அசிரோபேகஸ் பப்பாயே. கொசுவை விடச் சின்னது. மாவுப்பூச்சி உடம்புக்குள்ள முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்னு வளர்ந்து, ஓட்டைப் போட்டு வெளியே வரும். மிஞ்சுறது வெறும் கூடு. டப்பா டப்பாவா அடிச்ச மருந்தால ஆகாததை அந்தக் குளவி செஞ்சு முடிச்சது.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு வந்த சுருள் வெள்ளை ஈயும் இதே கதைதானுங்க. அதையும் என்கார்சியாங்கிற குளவி தேடிப் பிடிக்குது. கண்டபடி மருந்தடிச்சா முதல்ல சாகிறது அந்தக் குளவிதான்.

அதனால இலையைத் திருப்பிப் பாருங்க. ஓட்டை விழுந்த கூடு தெரிஞ்சா குளவி வந்தாச்சு, மருந்தை நிறுத்துங்க. மரத்துல எறும்புச் சாரி ஏறுதான்னு பாருங்க. தேன் மாதிரிக் கழிவுக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிக்கிறது எறும்புதான்.

ஆனா எல்லாத்தையும் நாமளே செய்ய முடியாது. குளவியைக் கொண்டுவந்தது நம்ம வரிப்பணத்துல நடக்கிற நிறுவனங்கள். அதனால அரசைக் கேட்கிறோம்:

1. உடுமலை, மடத்துக்குளம் வட்டாரங்களில் ஒட்டுண்ணி வளர்ப்பு மையம் அமைத்து, சிறு விவசாயிக்கு இலவசமாகக் கொடு!

2. புதுப் பூச்சி வந்தால் உடனே தோட்டத்துக்கு ஆளை அனுப்பு!

3. பூச்சியால் அழிந்த பழத்தோட்டத்துக்கும் தென்னைக்கும் நஷ்டஈடு வழங்கு!

ஒத்தைக் குளவியால ஒண்ணும் ஆகாது. கூட்டமா வந்தாத்தான் மாவுப்பூச்சி அடங்கும். நாமளும் அப்படித்தானுங்க. ஒண்ணு சேருவோம்!