கோதுமைக் கடலில் ஒரு நாள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கனடாவைச் சாலை வழியே குறுக்காகக் கடந்தவர்கள் மலைகளைப் பற்றியும் ஏரிகளைப் பற்றியும் மணிக்கணக்கில் சொல்வார்கள். நடுவிலுள்ள பிரெய்ரி சமவெளியை மட்டும், "அங்கே ஒன்றும் இல்லை, தூக்கம்தான் வரும்" என்று தள்ளிவிடுவார்கள். அந்த "ஒன்றும் இல்லாத" இடத்தில் கழித்த ஒரு ஜூலை நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மகன், மருமகள், நாங்கள் இருவர். வாடகைக்கு எடுத்த கேம்பர் வண்டி. படுக்கை, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. கழிவுநீரை மட்டும் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது; அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். நம் ஊருக்கும் இந்த வழக்கம் வந்தால் நன்றாயிருக்கும்.

வின்னிபெக்கிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். தரை தாம்பாளம் போல் தட்டை. பனியுகத்தின் முடிவில் அங்கே அகாசிஸ் என்னும் ஏரி இருந்தது. இன்றைய ஐந்து பேரேரிகளைச் சேர்த்தாலும் அதன் பரப்புக்கு ஈடாகாதாம். அது வடிந்தபின் தங்கிய வண்டல்தான் இன்றைய வயல். சாலையோரம் மஞ்சள் விரித்தாற்போல் கனோலா. நம் கடுகின் நெருங்கிய உறவு. சஸ்காட்சுவான் மாகாண எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பினோம்.

சுமார் 500 கிலோமீட்டர் ஓடி, சாயங்காலம் இண்டியன் ஹெட் என்ற சிற்றூரை அடைந்தோம். அங்கே 1880-களிலேயே அரசாங்கம் ஒரு பரிசோதனைப் பண்ணை அமைத்தது. அந்நாளில் குடியேறிய விவசாயிகளுக்கு எமன், முன்கூட்டி வரும் உறைபனி. அவர்கள் விதைத்த ரெட் ஃபைஃப் கோதுமை மாவுக்கு உயர்ந்தது, ஆனால் தாமதமாக முற்றும். ஒரே இரவு உறைபனியில் வருஷத்து உழைப்பு போய்விடும்.

இதற்குத் தீர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தேசத்திலிருந்து! சீக்கிரம் முற்றும் "ஹார்டு ரெட் கல்கத்தா" என்ற இந்தியக் கோதுமையை ரெட் ஃபைஃபுடன் 1892-ல் கலந்தார்கள். அந்தச் சந்ததியிலிருந்து சார்லஸ் சாண்டர்ஸ் என்ற அரசாங்க விஞ்ஞானி 1904-ல் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தார். போதிய கருவிகள் இல்லாத காலம். கோதுமை மணிகளை வாயில் போட்டு மென்று, பசைத்தன்மையைப் பார்த்துத் தரம் பிரித்தாராம்! அதுதான் மார்க்விஸ். 1907-ல் இண்டியன் ஹெட்டில் விதைத்துப் பார்த்தார்கள். ரெட் ஃபைஃபைவிட ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக முற்றியது. அந்த ஒரு வாரம்தான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. சில வருஷங்களில் மேற்குக் கனடாவின் கோதுமையில் பெரும்பகுதி மார்க்விஸ் ஆயிற்று. சாண்டர்ஸுக்கு 1934-ல் சர் பட்டம் கிடைத்தது. கல்கத்தாக் கோதுமையை யார் நினைக்கிறார்கள்?

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த நிலம் காலியாகக் கிடந்ததல்ல. கிரீ முதலான பூர்வகுடிகள் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த பூமி. 1874-ல் நான்காம் ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமைக் கூட்டங்கள் அடியோடு அழிந்து, அம்மக்கள் பட்டினி கிடந்தார்கள். கோதுமைக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அன்றிரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியாஸ்தமனம். சாயங்கால சந்தியாவந்தனத்துக்கு அவசரமே இல்லை. வண்டியிலேயே என் மனைவி சாம்பார் வைத்தாள், மைசூர் பருப்பில். சில வீடுகளில் அதைச் சேர்ப்பதில்லை என்பது தெரியும். ஆனால் அது அதே சஸ்காட்சுவானில் ஏராளமாக விளைவது. இந்தியாவுக்கும் கப்பலில் வருவது.