சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நான் ஒரு லைட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் அம்மாவின் காம்பராவில் கூரை லைட்டை மாற்ற ஏறினேன். பாடசாலையில் மின்சாரப் பாடம் நடத்துகிறவன் என்ற தைரியம். சுவிட்சை அணைத்துவிட்டு வயரைத் தொட்டேன். அடுத்த நொடி ஸ்டூலோடு கீழே கிடந்தேன். பிறகு பார்த்தால், சுவிட்சைக் கறுப்பு வயரில் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தால் லைட் அணையும். ஆனால் சிவப்பு வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும்.

ஆகவே மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும். யாரும் திரும்பப் போடாதபடி அங்கே ஒருவரை நிறுத்துங்கள். நம் லயங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர் நம் மெயினுக்குக் கட்டுப்படாது. அதனால் மெயினை அணைக்குமுன் டெஸ்டரை ஒரு பிளக்கில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். அணைத்த பிறகு லைட்டின் ஒவ்வொரு வயரிலும் வையுங்கள். எரிந்தால் இறங்கிவிடுங்கள்.

பழைய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். வயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள், கனெக்டரில் இறுக்குங்கள். இரும்பு லைட் என்றால் எர்த் கட்டாயம். கூரைத் தகரத்தில் வயர் உரசக் கூடாது. தோல் தேய்ந்தால் லயத்துத் தகரம் முழுவதிலும் கரண்ட் ஏறும்.

ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து நேரே கரண்ட் கொடுக்காதீர்கள். எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. அதைக் கண்டுபிடிப்பதும், புதிதாக வயர் இழுப்பதும் சான்றிதழ் பெற்ற வயரிங் பாஸின் வேலை.

இனி சங்கத்தின் வேலை. சுவரும் கூரையும் தோட்டத்துடையது என்றால், அதில் ஓடும் பழைய வயரும் நிர்வாகத்தின் பொறுப்புத்தான். உங்கள் காம்பராவில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, விழுகிறதா, எந்த வயர் தேய்ந்திருக்கிறது என்று காம்பரா இலக்கத்தோடு எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்; எழுதுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாக நிர்வாகத்திடம் கொடுப்போம்.

பிள்ளைகள் படிக்கத்தான் லைட் போடுகிறோம். அந்த லைட்டே அவர்களுக்கு எமனாகக் கூடாது.