குதிரையும் உண்ணியும்

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியேறிய நம் முன்னோருக்குக் குதிரை புதிதன்று. பட்டாளத்துக் குதிரைகளும் ஜட்கா வண்டிகளும் அவர்கள் அன்றாடம் கண்டவை. 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய போரில் ஜோத்பூர்ப் படையினரோடு தோள் கொடுத்த மைசூர்க் குதிரைப்படையின் நினைவுச் சின்னம் இந்நகரில் இன்றும் நிற்கின்றது. குணிகல் பண்ணையின் குதிரைகளும் பெயர் பெற்றவை. இவ்வூரில் பிறந்த ஃபவாத் மிர்சா 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார்; 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் குதிரையேற்றத்தில் கலந்துகொண்டார். ஆனால் அவர் பயிற்சி பெற்றது ஜெர்மனியில்.

அங்குள்ள ஆசிரியர்களின் திறமை ஒருபுறமிருக்க, நம் நாட்டுக் குதிரையை அயல்நாட்டுக்கு அனுப்புவது நெடுங்காலமாகவே அரிய செயல். தடையாக நிற்பவை பல நோய்கள். அவற்றுள் ஒன்றைக் கொண்டுவருவது, நாட்டுப்புறத்தில் மாட்டின் காதிலிருந்து நாம் பிடுங்கி எறியும் உண்ணிதான்.

உண்ணி குருதியைக் குடிப்பதோடு நின்றால் பெருந்தீங்கில்லை. குடிக்கும்போது தன் உமிழ்நீரோடு நுண்ணிய ஒட்டுயிர்களைக் குதிரையின் உடலுள் செலுத்திவிடுகின்றது. பபீசியா கபாலி, தைலேரியா ஈக்வி என அவை இருவகை. இரண்டும் செவ்வணுக்களுள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கின்றன. காய்ச்சல் காண்கிறது, ஈறு வெளிறுகிறது அல்லது மஞ்சளாகிறது, சிறுநீர் கறுத்துப் போவதுமுண்டு. தைலேரியாவையும் முன்னர் பபீசியா என்றே எண்ணியிருந்தனர். அது செவ்வணுவை அடையுமுன் வெள்ளணுவில் ஒரு பருவம் வாழ்வது தெரிந்தபின், 1998-இல் அதன் பெயரை மாற்றினர். பபீசியா கபாலியோ தாய் உண்ணியின் முட்டை வழியே குஞ்சுக்கும் இறங்குகிறது. பிறக்கும்போதே நோயைச் சுமந்து வரும் குஞ்சு!

உண்ணி நோய் பரப்பும் என்பதை அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் மாடுகளில் மெய்ப்பித்து 1893-இல் வெளியிட்டனர். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். அவரும் 1883-இல் பெங்களூரில் படைமருத்துவராக இருந்தவரே. அதற்கும் முன்னதாக, 1880-இல், தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் குதிரை, ஒட்டகங்களின் குருதியில் ‘சர்ரா’ நோயின் கிருமியைக் கண்டிருந்தார். அந்நோயைப் பரப்புவது உண்ணியன்று, கடிக்கும் பெரிய ஈ.

இனி, இடர் எங்கே என்று பார்ப்போம். தைலேரியா புகுந்த குதிரை பிழைத்தெழுந்தாலும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அதனைச் சுமக்கின்றது. பார்வைக்கு அது கொழுகொழுவென்றிருக்கும், ஓடும், தாண்டும். கிருமியோ மிகச் சிலவாகையால், ஒரு துளிக் குருதியைக் கண்ணாடியில் தடவிச் சாயமிட்டு நோக்கினால் ஒன்றும் தென்படாமற் போகலாம். ஆகவே ஊனீரில் எதிர்ப்பொருள் உண்டாவெனச் சோதிக்கின்றனர். இமிடோகார்ப் என்னும் மருந்து காய்ச்சலைத் தணிக்கும். தைலேரியாவை அடியோடு ஒழிக்கும் என்று உறுதி கூற இயலாது. உமிழ்நீர் வடிதல், வயிற்றுவலி ஆகிய துன்பங்களும் அதனால் நேர்வதுண்டு.

ஹிசாரில் 1980-களில் தோன்றிய தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இச்சோதனைகளில் தேர்ந்தது. பெங்களூர் எலஹங்காவில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம், பபீசியா, தைலேரியா, சர்ரா முதலிய கால்நடை நோய்கள் எம்மாவட்டத்தில் தலையெடுக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணித்து அறிவிக்கின்றது. வானிலை அறிக்கை போன்ற இம்முயற்சி, என் எண்ணத்தில், பந்தயக் குதிரையைவிட ஏழை வண்டிக்காரனின் மட்டக்குதிரைக்கே மிகுதியும் வேண்டுவது. பந்தயக் குதிரைக்கு மருத்துவர் இலாயத்துக்கே வருவார். மட்டக்குதிரை நோயுற்றால் அன்றைய அடுப்பு எரியாது.

2025-ஆம் ஆண்டு ஜூலையில், மீரட்டிலுள்ள படைக் கால்நடை மருத்துவ மையத்தின் ஒரு பகுதியை, நோயற்ற குதிரை வளாகமென உலக விலங்குநல அமைப்பு ஏற்றுக்கொண்டது. உண்ணிக் காய்ச்சல், சர்ரா, குதிரை இன்ஃபுளூயன்சா, கிளாண்டர்ஸ், தொற்றுச் சோகை ஆகிய ஐந்தும் அங்கு இல்லையென்பது அதன் பொருள். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. வேலிக்கு வெளியே உள்ள குதிரைகளுக்கோ இன்னும் பழைய காவலே கதி: நாள்தோறும் உடல் தேய்க்கையில் காதினுள்ளும் பிடரிமயிரின் அடியிலும் வாலின் கீழும் தொடையிடுக்கிலும் விரல்விட்டுத் துழாவி, அகப்படும் உண்ணியைக் களைந்தெறிதல்.