பல்கலைக்கழக விதிகளும் நம் பிள்ளைகளும்



கல்லூரி வாயிலை மிதிப்பதற்கே நம் முன்னோர் போராடிய காலம் ஒன்று இருந்தது. 1945 இல் அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியதும் அக்கதவைத் திறக்கவே. இன்று கதவு திறந்திருக்கிறது. உள்ளே சென்ற பிள்ளை எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதைப் பற்றியே இங்குப் பேச முற்படுகிறோம்.

தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நம் மாணவர்கள் நடத்தப்படும் முறையை ஆராய, 2006 இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 2007 இல் வந்த அதன் அறிக்கை, வகுப்பிலும் வாய்மொழித் தேர்விலும் விடுதியிலும் வேற்றுமை காட்டப்பட்டதை எடுத்துரைத்தது. நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியின் நிலையே அதுவென்றால், மற்றவற்றைச் சொல்ல வேண்டுமோ?

பின்னர் 2012 இல் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிகளைப் பிறப்பித்தது. அவற்றை நம் இளைஞர்கள் வரிக்கு வரி படித்தல் வேண்டும். வகுப்பில் மாணவனின் சாதியை அறிவிப்பதும், 'ஒதுக்கீட்டில் வந்தவன்' என்று முத்திரை குத்துவதும், அவன் பின்தங்கினால் அவன் பிறப்பைக் காரணம் காட்டி இழித்துரைப்பதும் அவற்றில் தடுக்கப்பட்டுள்ளன. ஆய்வுக்கூடத்தில் வேலை கொடாமல் சும்மா நிறுத்தி வைப்பதும், படிப்பகத்தில் தனி இருக்கை ஒதுக்குவதும்கூட அவ்வாறே. எழுதியவர் எவராயினும், நம் பிள்ளைகள் படும் பாட்டை அறிந்தே எழுதியிருக்கிறார். சம வாய்ப்புப் பிரிவு ஒன்று அமைய வேண்டும். பல்கலைக்கழகமாயின் பேராசிரியர் நிலைக்குக் குறையாத ஒருவர் பாகுபாடு தடுப்பு அலுவலராக இருத்தல் வேண்டும். முறையீட்டின்மீது 60 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் இருந்தும், 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். விடுதியினின்று விலக்கப்பட்ட ஐந்து ஆய்வு மாணவர்களுள் அவர் ஒருவர். 2019 மே மாதம் மும்பையில் முதுநிலை மருத்துவ மாணவி, பழங்குடியில் பிறந்த பாயல் தட்வியை இழந்தோம். விதி இல்லாமையால் நேர்ந்தவை அல்ல இவை. அவ்விருவரின் அன்னையரே 2019 இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிகளை வெளியிட, எதிர்ப்பும் உடனே எழுந்தது. அதே மாதத்தில் நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடருமாறு பணித்தது.

ஏட்டிலுள்ள விதி ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? அலுவலராக அமர்த்தப்படுபவர் அதே நிறுவனத்தின் பேராசிரியர். குற்றம் சாட்டப்படுபவரோ அவரோடு அமர்ந்து நாள்தோறும் தேநீர் அருந்துபவர். மேல்முறையீடு செய்தாலும் அது அந்நிறுவனத்தின் தலைவரிடமே செல்லும். மதிப்பெண்ணும் ஆய்வு வழிகாட்டியின் கையொப்பமும் அவர்கள் வசம் இருக்க, மாணவன் வாய் திறக்க அஞ்சுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆகவே பாரம் முழுவதையும் அவன்மீது சுமத்தாமல், சங்கம் செய்யத்தக்கதைச் சொல்கிறோம். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கேட்பவர் மாணவராக இருக்க வேண்டுவதில்லை. குடிமக்கள் எவரும் கேட்கலாம். காரணம் கூறவும் தேவையில்லை. 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டால், அவருடைய மதிப்பெண்ணில் எவர் கை வைக்க முடியும்? பாகுபாடு தடுப்பு அலுவலர் யார், எந்நாளில் அமர்த்தப்பட்டார், சென்ற மூன்றாண்டுகளில் எத்தனை முறையீடுகள் வந்தன, அவற்றுள் 60 நாட்களுக்குள் முடிந்தவை எத்தனை என்று கேட்போம். முறையீடு தரும் மாணவரோ எழுத்திலேயே தருக. படியில் நாளிட்ட ஒப்புகை பெறாமல் அலுவலகத்தை விட்டு அகலற்க. 60 நாட்களின் கணக்கு அந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றுக்கும் இவ்விண்ணப்பம் வரும் மாதமே நம் பெரியவர்களின் கையொப்பத்தோடு செல்லட்டும். வரும் விடைகளை அடுத்த பொதுக்குழுவில் படித்துக் காட்டுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.