புதுச்சேரிச் சூளையும் நம் வீட்டுக் கணக்கும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் தாராசுரம் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



எங்கள் குழுவில் 12 பேர். ஐந்து பேர் மண்பாண்டக் குடும்பம், மீதிப் பேர் பட்டுத்தறிக் குடும்பம். வங்கிக் கடன் வாங்கி, பளபளப்பான கோப்பை, தட்டு செய்கிற சூளை போடலாமா என்று இரண்டு கூட்டமாகப் பேச்சு ஓடியது. "கண்ணால பார்க்காம கடன் வாங்க வேண்டாம், ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று தீர்மான நோட்டில் எழுதி, எட்டுப் பேர் கிளம்பினோம். அணைக்கரை, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி போய் வந்தோம். அங்கே பார்த்ததைச் சொல்லச் சொல்லித்தான் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

நாங்கள் பார்த்த இடத்தின் பெயர் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. 1971-ல் அமெரிக்காவிலிருந்து வந்த டெபோரா ஸ்மித் அம்மாவும் ரே மீக்கர் ஐயாவும் ஆரம்பித்தது. அந்த அம்மா ஜப்பானில் போய் மண்வேலை கற்றவர். பாத்திரம் செய்து விற்கிற பொறுப்பை அந்த அம்மாவே பார்த்தார். சூளை கட்டுவதும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் ரே மீக்கர். உள்ளூர் ஆட்களை வைத்துப் பழக்கித்தான் தொழிலை வளர்த்தார்கள். அங்கே கற்றவர்கள் பலர் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் தனியாகப் பட்டறை போட்டிருக்கிறார்கள். இந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் வந்து படித்துப் போயிருக்கிறார்கள்.

நம் பானைக்கும் அவர்கள் பாத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்? சூடுதான். நம் சூளை வைக்கோல், வறட்டி, விறகில் 700, 800 டிகிரி வரை போகும். அதில் வெந்த பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். தண்ணீர் கசிந்து ஆவியாகிறதால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. அவர்கள் மண்ணை ஒருமுறை சுட்டு, பூச்சில் முக்கி, மறுபடி 1300 டிகிரி அளவுக்குச் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மண்ணே இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். பூச்சு உருகிக் கண்ணாடியாகப் படியும். சாம்பார் ஊற்றினாலும் கறை பிடிக்காது. ஆனால் அந்தச் சூட்டைத் தாங்க வேறு மண் வேண்டும், சூளைக்கு வேறு செங்கல் வேண்டும். நம் குளத்து வண்டலை அதில் வைத்தால் உருகி வழிந்துவிடும்.

ரே மீக்கர் 1980-களில் இன்னொன்றும் செய்து பார்த்திருக்கிறார். பச்சை மண்கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல், ஓடு எல்லாம் அடுக்கி, வீட்டையே சூளையாகக் கொளுத்திச் சுட்டிருக்கிறார். கேட்டதும் எங்களுக்கு வாய் அடைத்துப் போனது.

எனக்கு மனதில் நின்றது வேறு. பெண்கள் சக்கரத்தில் உட்கார்ந்து பாத்திரம் வனைந்தார்கள். எங்கள் வீட்டில் மண்ணில் கல் பொறுக்குவது, மிதிப்பது, காய்கிற பானையை வெயில் பார்த்துத் திருப்புவது, சூளைக்குச் சுமப்பது, சந்தையில் விற்பது எல்லாம் பெண்கள். சக்கரம் மட்டும் ஆண்கள். அதனால் "பானை செய்தது யாரு?" என்றால் வீட்டு ஆம்பளை பேரைத்தான் சொல்வோம்.

சாயங்காலம் பாரதி பூங்கா அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போனோம். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தவை அங்கே இருக்கின்றன. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அந்த மேட்டை 1945-ல் மார்டிமர் வீலர் அகழ்ந்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ரோம் நாட்டோடு வியாபாரம் நடந்த துறைமுகம் அது. திராட்சை மது வந்த இருகாது ஜாடிகளின் துண்டுகள், இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. அந்தத் தட்டுகள் சிலவற்றில் செய்த பட்டறையின் பெயர் முத்திரையாகக் குத்தியிருந்தது. நம் ஊர்ப் பானை ஓடுகளிலோ பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறியிருந்தன. பானை உடைந்தும் பெயர் நின்றுவிட்டது பாருங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டோம். நூறு பொங்கல் பானைக்கு மண், வண்டி வாடகை, விறகு எல்லாம் எழுதி வைக்கிறோம். எங்கள் வீட்டுப் பெண்கள் கை அதில் ஆறு நாள் இருக்கிறது. அந்த ஆறு நாளும் கணக்கில் இல்லை. வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால் "சரி, போகுது" என்று கொடுப்பது அந்த ஆறு நாளைத்தான். தறிக்கார அக்காமார்களே, உங்களுக்கும் இதே கதைதான். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வருகிறது. நீங்கள் தார் சுற்றியதும் பாவுக்குக் கை கொடுத்ததும் அதற்குள்ளேயே முங்கிப் போகிறது.

உழைப்புக்குக் கணக்கு இல்லாமல் சூளைக்குக் கடன் வாங்கினால் என்ன ஆகும்? தவணையையும் அந்தக் கணக்கில்லாத கையிலிருந்துதான் கட்டுவோம். அதனால் எங்கள் குழு கடனை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, மூன்று முடிவு எடுத்திருக்கிறது.

ஒன்று, செலவு நோட்டில் பெண்கள் உழைப்பு என்று தனிக் கட்டம். யார், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று அன்றன்றைக்கே எழுத வேண்டும். அதைச் சேர்த்த பிறகுதான் விலை சொல்வது.

இரண்டு, ஒவ்வொரு பானைக்கு அடியிலும் ஈரம் காயும் முன் குழுவின் முத்திரையைக் குத்துவது. மதி கடையில் வைத்தாலும் சந்தையில் வைத்தாலும் யார் செய்தது என்று தெரியட்டும்.

மூன்று, சக்கரம் பழக இரண்டு தங்கைகள். எங்கள் மாமனாரே சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டார். "இத்தனை நாளா யாரும் கேக்கலையே" என்றார்.

ஒரு வருஷம் நோட்டு எழுதுவோம். எழுதிய கணக்கு தாங்கும் என்று தெரிந்தால், அந்த நோட்டையே வங்கியில் காட்டிச் சூளைக்குக் கடன் கேட்போம். தறி, பால் மாடு, தையல், இட்லி மாவு என்று எந்தத் தொழில் செய்கிற குழுவாக இருந்தாலும், அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தத் தனிக் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.