பச்சைப் பந்தும் கண் பெற்ற கம்ப்யூட்டரும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கம்ப்யூட்டர் பத்திப் பேசு, ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்பது நம் செயலாளர் போட்ட உத்தரவு. ஆகவே ஒரு பச்சைப் பந்தைப் பற்றிப் பேசுகிறேன்.

என் தங்கை மகளுக்கு விரல்களில் பலம் கிடையாது. கையை அசைப்பாள், கீபோர்டில் பட்டனை அழுத்த முடியாது. மற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், "மாமா, எனக்கும் ஒரு கேம் செஞ்சு தாங்க" என்று கேட்டுவிட்டாள்.

பைதான் மொழியில் கேம் எழுதுகிறவர்களுக்கு பைகேம் என்றொரு லைப்ரரி உண்டு. படம் காட்ட, ஒலி எழுப்ப, கீபோர்டைக் கவனிக்கத் தேவையான நிரல்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் தொகுப்பு அது. பீட் ஷின்னர்ஸ் என்பவர் 2000-இல் தொடங்கினார். காசு கிடையாது, மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் ஆரம்பத்தில் அதற்குக் கண் இல்லை. 2008 கோடையில், கூகுள் நடத்திய மாணவர் திட்டத்தின் கீழ் ஒரு மாணவர் அதில் வெப்கேமராவை இணைத்தார். 2009-இல் வந்த 1.9 பதிப்பில் அது சேர்ந்தது. முதலில் லினக்ஸில் மட்டுந்தான் நேரடியாக ஓடியது. விண்டோஸுக்கு நேரடி ஆதரவு 2021-இல்தான் வந்தது.

கேமரா படம் தந்துவிட்டால் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டதாக அர்த்தமில்லை. 640-க்கு 480 அளவுள்ள படத்தில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொன்றும் வெறும் எண்கள். அதனால் அந்த மாணவர் வேறு சில கருவிகளையும் சேர்த்துக் கொடுத்தார். ஒன்று, ஒரு சதுரத்துக்குள் இருக்கும் நிறத்தின் சராசரியைச் சொல்லும். இன்னொன்று, அந்த நிறத்துக்கு நெருங்கிய புள்ளிகளை மட்டும் பொறுக்கும். மூன்றாவது, அவற்றில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் மிகப் பெரிய கூட்டத்தைக் கண்டுபிடித்து, அதன் மையத்தைச் சொல்லும். அந்த மையந்தான் பந்து இருக்கும் இடம்!

குழந்தையின் மணிக்கட்டில் பச்சைப் பந்தைக் கட்டினோம். கை போன பக்கமெல்லாம் திரையில் படகு போயிற்று. வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

பிறகு அவள் பள்ளி ஆண்டு விழாவில் மானம் போயிற்று. படகு அவள் கையைச் சட்டையே செய்யாமல் ஓரத்துக்கு ஓடியது. பார்த்தால், அங்கே நின்ற டீச்சர் பச்சைப் புடவை! மிகப் பெரிய பச்சைக் கூட்டம் புடவைதானே? வீட்டு டியூப் லைட்டில் குறித்த நிறத்தையே நிரலில் நிரந்தரமாக எழுதி வைத்தது என் தப்பு. லைப்ரரி மேல் குற்றமில்லை. குழந்தையின் கண் கலங்கியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவளேதான் வழி சொன்னாள்: "மாமா, மிஸ் புடவைல இல்லாத கலர் குடுங்களேன்."

அடுத்த முறை ஆரஞ்சுப் பந்து. அதோடு, விளையாடும் இடத்திலேயே பந்தைக் கேமரா முன்னால் சதுரத்துக்குள் காட்டி, அங்குள்ள வெளிச்சத்தில் நிறத்தைப் பதிந்துகொள்ளும்படி மாற்றினேன். இப்போது மற்ற பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

நான் எழுதியது நூறு வரிகூட இருக்காது. அதற்கு அடியில் இருப்பதெல்லாம் முகம் தெரியாத பலர் இனாமாகக் கொடுத்த உழைப்பு. அந்த மாணவருக்கு என் தங்கை மகளைத் தெரியாது. நம் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகளும் பிராஜக்டை முடித்துப் பரண் மேல் போடாமல், இப்படி ஒரு பொது நிரலில் ஒரு சின்னக் குறையைத் தீர்த்துக் கொடுக்கலாமே? வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரத் தயார்.