வெடித்த குடல்வாலுக்கு உடனே கத்தி வேண்டுமா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் என்னைக் காற்றாலைகளைப் பற்றித்தான் பேசச் சொன்னார். என் பிழைப்பும் அதுதான். ஆனால் சென்ற வருடம் என் வயிற்றுக்குள்ளேயே ஒரு பெரிய 'பிரேக்டவுன்' நடந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "மெக்கானிகல் படிச்சவன் மெடிக்கல் பேசுறியே" என்று சிரித்தார், ஒப்புக்கொண்டார். நான் டாக்டர் வேஷம் போட வரவில்லை. பட்டதையும், பட்ட பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாலையில் கியர்பாக்ஸ் மாற்றும் வேலை. தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தது, பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. அன்றிரவே பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் காட்டினேன். சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். நான்காம் நாள் காய்ச்சலோடு நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். ஸ்கேன் பார்த்த சர்ஜன் சொன்னார்: "அப்பெண்டிக்ஸ் வெடிச்சிருக்கு. சுத்திக் கட்டி கட்டியிருக்கு, உள்ளே கொஞ்சம் சீழ் இருக்கு. இப்ப ஆபரேஷன் பண்ணப் போறதில்லை."

கூட இருந்த என் மாமனார் ஆடிப்போய்விட்டார். வெளியே வந்ததும், "வெடிச்சிருச்சுன்னு அவங்களே சொல்றாங்க, அறுக்க மாட்டேன்னும் சொல்றாங்க. வாங்க மாப்ளே, வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றார். நியாயமான பயம். வெடித்த பைப்பை மாற்றாமல் யாராவது பிளான்ட்டை ஓட்டுவார்களா?

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும், ஒரு முனை அடைத்த சின்னக் குழாய். பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதன் வாயில் ஒரு மலக்கல்லோ வீக்கமோ அடைத்துக்கொண்டால், உள்ளே சுரக்கும் திரவத்துக்குப் போக வழி இல்லை. ரிலீஃப் வால்வு கிடையாது. அழுத்தம் ஏறுகிறது, சுவரின் ரத்த ஓட்டம் நிற்கிறது, சுவர் அழுகி ஓட்டை விழுகிறது. இதுவரைக்கும் நம்ம பாடம்தான்.

அதற்கப்புறம் உடம்பு செய்வதுதான் நம் பாடத்தில் இல்லாதது. வயிற்றுக்குள் ஒமெண்டம் என்று ஒரு கொழுப்புத் திரை தொங்குகிறது. டாக்டர்கள் அதை வயிற்றின் போலீஸ்காரன் என்பார்கள். அதுவும் பக்கத்துக் குடல் மடிப்புகளும் போய் ஓட்டையைச் சுற்றி ஒட்டிக்கொள்கின்றன. கசிவு ஒரு மூலைக்குள் அடங்கிவிடுகிறது. என் வயிற்றில் இருந்த கட்டி அதுதான்.

"உடம்பே பந்தோபஸ்து போட்டிருக்கு. இப்ப நான் உள்ளே போனா, நனைஞ்ச அப்பளக் கட்டைப் பிரிக்கிற மாதிரி. எது குடல், எது குடல்வால்னு தெரியாது. நல்ல குடல் கிழிஞ்சா, பெருங்குடல்ல ஒரு பகுதியையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம்" என்றார் சர்ஜன்.

சிகிச்சை இதுதான்: வாய் வழியாக எதுவும் கிடையாது, டிரிப்ஸ், நரம்பு வழியே ஆன்டிபயாடிக். கட்டியின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் என் வயிற்றிலேயே கோடு போட்டார்கள். நான்கு மணிக்கு ஒரு தரம் நாடித்துடிப்பும் காய்ச்சலும் சார்ட்டில் ஏறும். நாடி ஏறிக்கொண்டே போனால், வலி பரவினால், கட்டி கோட்டைத் தாண்டினால், வாந்தி நிற்காவிட்டால் காத்திருப்பது ரத்து, உடனே தியேட்டர். இவ்வளவும் முதல் நாளே எழுதி வைக்கப்பட்டது.

என் மாமனார் போக்குவரத்துக் கழக டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சார்ட்டைப் பார்த்த பிறகுதான் அவர் அடங்கினார். "சும்மா விடலை மாப்ளே, கேஜ் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். அதற்கப்புறம் நர்ஸை விட அவர்தான் கரெக்டாக நான்கு மணிக் கணக்கு வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் இரவு காய்ச்சல் ஏறியது. கோடு தாண்டவில்லை, ஆனால் சீழ் சேர்ந்திருந்தது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசி விட்டு உறிஞ்சினார்கள். பெரிய சீழ்க்கட்டியாக இருந்தால் குழாயே வைத்துவிடுவார்களாம். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

இது புது விஷயமும் இல்லை. 1886ல் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் இந்த நோய்க்குப் பெயர் வைத்து, சீக்கிரம் அறுக்க வேண்டும் என்று வாதாடினார். சரியான வாதம்தான். ஆனால் தாமதமாக வந்தவர்களை என்ன செய்வது? சிகாகோவின் ஆக்ஸ்னரும் லண்டனின் ஷெரனும் 1900களின் தொடக்கத்தில் பட்டினி போட்டுக் காத்திருக்கும் முறையை வகுத்தார்கள். ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலம் அது! இன்றும் நம் மருத்துவக் கல்லூரிகளில் 'ஆக்ஸ்னர் ஷெரன்' என்று அந்தப் பெயரிலேயே சொல்லித் தருகிறார்கள்.

1902 ஜூன் 26 அன்று முடிசூட இருந்த ஏழாம் எட்வர்டுக்கும் இதே தொல்லைதான். ஜூன் 24 அன்று டாக்டர் ட்ரீவ்ஸ் வயிற்றைத் திறந்து சீழை மட்டும் வெளியேற்றினார். குடல்வாலை எடுக்கவில்லை. ஆகஸ்ட் 9 அன்று மகுடம் ஏறியது. மன்னர் 1910 வரை இருந்தார்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், நம்ம ஆட்கள் கணக்கு இல்லாமல் நம்ப மாட்டார்கள். கட்டியோ சீழோ கட்டிய நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் ஸ்வீடன் மருத்துவர்கள் 2007ல் தொகுத்துப் பார்த்தார்கள். அறுக்காமல் பார்த்ததில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கு அந்த முறை பலிக்கவில்லை. பின்னால் திரும்பி வந்ததும் சுமார் 7 பேருக்கு. ஏறக்குறைய 20 பேருக்குச் சீழை வடிக்க வேண்டியிருந்தது. உடனே அறுத்தவர்களுக்குத்தான் சிக்கல்கள் அதிகம். மறுபக்கமும் உண்டு. 2015ல் ஹெல்சிங்கியிலிருந்து வந்த 60 பேர் ஆய்வில், கைதேர்ந்த சர்ஜன்கள் லேப்ராஸ்கோப் மூலம் உடனே அறுத்ததில், திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் குறைவு. ஆக, யார் கையில், எந்த வசதியோடு என்பதைப் பொறுத்தது. இதில் ஒரே விடை என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும்.

தம்பிகளே, இதைக் கேட்டுவிட்டு ஹாஸ்டல் ரூமில் படுத்துக்கொண்டு யாரும் ஆன்டிபயாடிக் முழுங்க வேண்டாம். நான் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கத்தில் தியேட்டர் தயாராக இருக்க நடந்தது. கசிவு அடங்காமல் வயிறு முழுக்கப் பரவி, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டால், காத்திருப்பது என்ற பேச்சே இல்லை; அறுத்தே ஆக வேண்டும். வலது அடிவயிற்று வலிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கொடுக்காதீர்கள். அடைத்த குழாயில் அழுத்தத்தைக் கூட்டும் வேலை அது.

மேடையின் முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டுக்கு வந்ததோடு கதை முடிவதில்லை. பின்லாந்தில் இன்னொரு ஆய்வு, 2019ல் வெளியானது. சீழ்க்கட்டி மருந்தில் ஆறியவர்களில் பாதிப் பேருக்குச் சில மாதம் கழித்துக் குடல்வாலை எடுப்பது, மீதிப் பேரை ஸ்கேனில் கவனிப்பது என்று திட்டம். 60 பேரோடு ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 12 பேரின் குடல்வாலில், புற்றாகவோ புற்றாக மாறக்கூடியதாகவோ வளர்ச்சி இருந்தது. அத்தனை பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்கித் தள்ள முடியாது. அதனால்தான் 40க்கு மேற்பட்டவர்களுக்கு, ஆறிய பிறகு பெருங்குடலை கொலனோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும், ஸ்கேனும் வேண்டும் என்கிறார்கள். வலி போச்சு, வேலை முடிஞ்சது என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்.

எனக்கு வயது 38. "உனக்குக் கட்டாயம் இல்லை. திரும்ப வந்தா பார்த்துக்கலாம்" என்றுதான் சர்ஜன் சொன்னார். வீட்டில் அவள், எடுத்துவிடுங்கள் என்கிறாள். நான் வருடத்தில் பாதி நாள் இருப்பது, சர்ஜனைத் தேட இரண்டு பஸ் மாற வேண்டிய இடங்களில். அதை அவரிடம் சொன்னதும், "அப்படின்னா எடுத்துடறதுல அர்த்தம் இருக்கு" என்றார். காற்று சீசனில் லீவு கிடைக்காது. ஐப்பசியில் தேதி வாங்கியிருக்கிறேன். மாமனார் இப்போதே புது நோட்டு ஒன்று வாங்கி, நான்கு மணிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

காற்றாலை கியர்பாக்ஸ் பற்றிக் கேட்க வந்தவர்கள் மதியச் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.